செங்கல் இல்லாத சூளை

காலையில் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டது, அம்மணி. உள்ளே கம்பி சுற்றிய காயில் கருகினால் ஒரு வாடை வருமே, வார்னிஷும் ரப்பரும் சேர்ந்து தீய்ந்த மாதிரி, அது நம் மிளகாய்க் காடு முழுக்க நிற்கிறது. உன் அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ சிரிப்பு. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய். ஒரு தடவை நீ லீவில் வந்திருந்தபோது இதே மாதிரி மோட்டார் எரிந்தது. ராசிபுரத்தில் காயில் கட்டுகிற கடைக்கு நானும் வருவேன் என்று கூடவே வந்து, செப்புக் கம்பி என்ன கனம், எத்தனை சுற்று, என்ன வார்னிஷ் என்று கடைக்காரரைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்துவிட்டாய்.

"ஏனுங்க அம்மணி, எனக்குப் போட்டியாக் கடை வெக்கப் போறீங்களா?" என்று அவர் பயந்தே போனார்.

"இல்லீங்க, எங்க மிசினுக்கும் காயில் சுத்தோணும். ஒவ்வொண்ணும் இந்தக் கடை உசரம்" என்றாய்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். பிள்ளைக்கு வெயில் ஆகவில்லை என்கிற மாதிரி நான் தலையை ஆட்டி வைத்தேன். வெளியே வந்ததும் என் கையைக் கிள்ளினாயே, அந்த இடத்தை இன்றைக்குக் காலையிலும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

புகையைப் பார்க்க மேட்டுக்காட்டு மாமாவும் வந்தார். அடுத்த காட்டுக்காரர், உனக்குத் தெரியாதவரா? எங்கே புகை வந்தாலும் குளிர்காய வந்துவிடுவார். மோட்டாரைப் பார்த்தார், உன் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"உங்கூட்டு அம்மணி இருந்திருந்தா மோட்டாரே வேண்டீதில்ல. சூரியனைப் புடிச்சுப் புட்டியில அடைக்கறேன்னு போனவளாச்சே. கடைசீல சூரியனும் இல்ல, புட்டியும் இல்ல, ஒரு கண்ணாலங்கூட இல்ல."

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மஞ்சள் காமாலை என்று தந்தி வந்து, உன் அண்ணன் ரயிலேறிக் குஜராத் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து இந்தப் பேச்சை நான் பலர் வாயில் கேட்டுவிட்டேன். துக்கம் கேட்க வந்த இடத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். படித்து என்ன கண்டாள், பாதியில் நின்ற வேலை, பாழாய்ப் போன ஆயுசு. அழுதுகொண்டே சொன்னால் அது அனுதாபமாம்.

"ஏனுங்க மாமா, போன வருசம் உங்க பையன் போர் போட்டாரே, எத்தனை அடிங்க?" என்று கேட்டேன்.

"எண்ணூறு அடி."

"தண்ணி?"

"எங்க தண்ணி? வெறும் புழுதிப் புகைதான் வந்துச்சு."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, காட்டோட வடக்குக் கோடியில தேங்காய் வெச்சுப் பாத்திருக்குது. அடுத்த வாரம் ரிக்கு வண்டி வருது."

"அதையேதானுங்க அவளும் பண்ணுனா. புகை வந்துச்சேன்னு உங்க பையனை ஆயுசைப் பாழாக்கிட்டான்னு நாங்க யாராச்சும் சொன்னமா?"

"போர் வேற, அது வேற" என்று முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்து, அது எங்கே நட்டமாக நிமிர்கிறதோ அங்கே தண்ணீர் இருக்கிறது என்று நம்பிப் பூமியைத் துளைக்கிற ஊர் இது. இந்த ஊர் கணக்குப் போட்டவளைப் பார்த்துச் சிரிக்கிறது.

அவர் போன கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. வாரப் பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறியவள் நான். ஒற்று விட்டுப் போயிருந்தால் நீயே போட்டுக்கொள். உயிரோடு இருந்தபோதும் அதைத்தானே செய்தாய்.

நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நீ முதல் நாளே "நங்கையா, உங்களுக்கு வாய்ப்பாடு எதுவரைக்கும் தெரியும்?" என்று கேட்டாய். கல்யாணப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? "பன்னெண்டு வரைக்கும் தெரியும், அதுக்கு மேல உங்கண்ணனைப் பாத்துக்கச் சொல்லியிருக்குது" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றோடு நமக்குள் ஒட்டிக்கொண்டது. உனக்கு அம்மா இல்லாத வீடு. எனக்குப் பேச ஆள் இல்லாத வீடு. நான் உன்னைக் கேலி செய்வேன், நீ என்னைத் திருத்துவாய்.

சேலத்தில் காலேஜ் முடித்தாய். மேலே படிக்க மெட்ராஸ் போகவேண்டும் என்று நீ கேட்ட அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு அடங்கவில்லை. உன் அப்பா, என் மாமனார், குச்சிக்கிழங்கை லாரியில் ஏற்றிவிட்ட களைப்பில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

"அங்க போயி என்னத்தைச் சாமி படிக்கப் போற?"

"மேக்னடிக் கன்ஃபைன்மென்ட்டுங்கப்பா. நெம்பச் சூடான ஒரு வாயுவை ஒரு இடத்துல புடிச்சு வெக்கறதுங்க."

"மேக்னசைட்டா!"

எழுந்து உட்கார்ந்துவிட்டார். சேலத்துக்காரர் காதில் 'மேக்' என்று விழுந்தால் மிச்சம் தானாக 'சைட்' என்றுதான் முடியும். ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் மலை நிற்கிறது. வெள்ளைக்கல் ஏற்றிய லாரி ராத்திரி பகலாக ஓடுகிறது. அந்தக் கல்லைச் சுட்டுச் செய்த செங்கல்தான் இரும்பு உருக்குகிற உலைக்கெல்லாம் உள்சுவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சூட்டைப் பிடித்து வைக்கிற படிப்பு என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்?

"இதைத்தான படிக்கோணும்! ஊருக்குள்ள கெடக்கற கல்லைப் பத்தி ஊருக்காரப் புள்ளை படிக்காம எவன் படிப்பான்?" என்றார்.

நீ திருத்துவதற்கு வாயைத் திறந்தாய். ஒற்றுப் பிழையையே சகிக்காதவள் ஆயிற்றே. நான் மாவுக் கையோடு ஓடிவந்து உன்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"சும்மா இரு அம்மணி. மேக்னசைட்டாவே இருந்துட்டுப் போகட்டும்."

"பொய்யில்லீங்களா நங்கையா?"

"நீ சொன்னது மெய்யி. அவரு கேட்டது மெய்யி. நடுவுல காத்து என்ன பண்ணுச்சோ, அதை நாம கேக்க முடியுமா?"

அந்த ஒரு சொல் உன்னை மெட்ராஸில் படிக்க வைத்தது. மாப்பிள்ளை என்று யார் வந்தாலும் "மேக்னசைட்டுப் படிப்பு முடியட்டும்" என்று மாமனாரே திருப்பி அனுப்பினார். புதுச்சத்திரம் டீக்கடையில் உன் படிப்பைப் பற்றி அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு, வெள்ளைக்கல் லாரி டிரைவர்கள் எழுந்து நின்று கும்பிடாத குறை. இதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. இப்போதும் வருத்தம் இல்லை.

படிப்பு முடிந்து குஜராத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து உனக்கு வேலை உத்தரவு வந்தபோதுதான் காற்று திசை மாறியது.

"மேக்னசைட்டு சேலத்துல மலை மலையாக் கெடக்குது. அதைப் பாக்க எதுக்குச் சாமி குஜராத்து? அவனுகதான இங்க வரோணும்?"

யாராலும் மறுக்க முடியாத நியாயம். நீயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமனார் அதோடு நிற்கவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடி வீடு கட்டிய ஒரு வெள்ளைக்கல் கான்ட்ராக்டர், நம் சாதிசனம், அவர் பையனுக்கு உன்னைப் பேசிவிட்டார். படித்த பெண், அதே தொழில், சூளை ஆபீஸிலேயே வேலையும் போட்டுத் தருவார்கள். இதைவிடப் பொருத்தம் உலகத்தில் உண்டா என்று அவருக்கு ஒரே பூரிப்பு. இந்தச் சம்பந்தம் முடிந்தால் நீ குஜராத் பார்க்கப் போவதில்லை என்று நம் இருவருக்கும் தெரியும்.

இரண்டு கார் நிறைய வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ காப்பித் தட்டோடு போனாய். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷர்தான், தொப்பையும் சிரிப்புமாக.

"ஏஞ்சாமி, நம்ம லைன்லயே படிச்சிருக்கறயாமா! சந்தோசம். நம்ம சூளையில கல்லை எத்தனை டிகிரியில சுடறாங்க, சொல்லு பாக்கலாம்?"

கதவு இடுக்கில் நான் கையை ஆட்டிய ஆட்டம் உனக்கு மட்டுந்தான் தெரிந்திருக்கும். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லித் தொலை, அவருக்கு மட்டும் என்ன தெரியும்! நீ தட்டை மெதுவாகக் கீழே வைத்தாய்.

"எனக்குத் தெரியாதுங்க மாமா. நான் படிச்சது மேக்னசைட் இல்லீங்க. மேக்னட். காந்தம்."

மாமனாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"காந்தத்துல என்ன படிப்பு?"

"காந்தத்தால சூட்டைப் புடிச்சு நிறுத்தறதுங்க. சூரியனுக்குள்ள நடக்கறது இங்க நடக்கோணும்னா பத்துக் கோடி டிகிரி வேணும்."

"பத்துக் கோடியா! அதுக்கு எந்தச் செங்கலை வெப்பீங்க?"

"எந்தச் செங்கல்லயும் முடியாதுங்க. சுவத்தைத் தொட்டா, சுவரு உருகறதுக்கு முந்தி அதுதான் ஆறி அணைஞ்சு போகும். அதனால எதையும் தொடாம, நடுவாந்தரத்துல காந்தமே தாங்கிப் புடிச்சுக்கோணும்."

"செங்கல் இல்லாத சூளை!" அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். கூட வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "எங்க, கட்டி முடிச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"எப்ப முடியும்?"

"தெரியாதுங்க."

இதைவிட மோசமாக ஒரு பெண் தன் படிப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. கதவுக்குப் பின்னால் நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் நீ தலையைக் குனியவே இல்லை, கவனித்தேன். தெரியாது என்று சொல்லும்போது மற்றவர்கள் குனிவார்கள். நீ நிமிர்ந்தாய்.

அவர்கள் எழுந்தார்கள். காரில் ஏறுமுன் கான்ட்ராக்டர் சிரிப்பை விட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "படிப்பையே மாத்திச் சொல்லியிருக்கறீங்க. இன்னும் என்னென்னத்தை மாத்திச் சொன்னீங்களோ."

மாமனார் வாசலைத் தாண்டி அவர் பின்னாலேயே போனார்.

"நில்லுங்க. எம்புள்ளை ஒண்ணையும் மாத்திச் சொல்லுலீங்க. அவ மேக்னட்டுன்னுதான் சொன்னா. மேக்னசைட்டுன்னு கேட்டது என்னோட காது. காது பண்ணுன தப்புக்குப் புள்ளையச் சொல்லாதீங்க."

கார்கள் போன பிறகு அவர் திரும்பி வந்து, யாரும் தொடாத போண்டாத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துத் தின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க மாமா."

"ஏஞ் சொல்லலை?"

"சொல்லியிருந்தா மெட்ராசுக்கு அனுப்பி உட்டிருப்பீங்களா?"

அவர் இன்னொரு போண்டாவை எடுத்தார். நீ தூணோரம் நின்றாய்.

"அம்மணி, செங்கல் இல்லாமச் சூடு நிக்குமா?"

"நிக்கோணுங்கப்பா. இப்போதைக்குக் கண்ணு மூடித் தெறக்கற நேரந்தான் நிக்குது. ஒழுகுது."

"எங்க ஒழுகுது?"

"அதைப் பாக்கத்தானுங்க போகோணும்."

மாமனார் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "தொட்டி ஒழுகுதுன்னா தொட்டிப் பக்கத்துல போயி நின்னு பாத்தாத்தான் தெரியும். சேலத்துல உக்காந்துட்டு எப்படிப் பாக்கறது? ரயிலு என்னைக்கு?"

நீ அழுதாய். நான் அழவில்லை, மிச்சமிருந்த போண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலம் ஜங்ஷனுக்கு அவரே வந்து உன்னை ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகும் சாகும் வரை ஊரில் யார் கேட்டாலும் "எம்புள்ளை குஜராத்துல மேக்னசைட்டு பாக்குது" என்றுதான் சொன்னார். ஏன் மாமா இன்னும் அப்படியே சொல்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "காந்தமுன்னா இவனுகளுக்கெல்லாம் செங்கல் கதையிலிருந்து சொல்லோணும். மேக்னசைட்டுன்னா வாயை மூடிக்குவானுக" என்றார். உனக்கு வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்கவேண்டியதில்லை.

லீவில் நீ வரும்போதெல்லாம் நான் உன் இயந்திரத்தைப் பற்றிக் கேட்பேன். வளையம் மாதிரி இருக்கும், நடுவில் ஓட்டை, உள்ளே கூடாக இருக்கும் என்றாய். உளுந்து வடை என்று நான் முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு உனக்கு வடைக்காரி என்று பெயர். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் அண்ணன் வரும்போதே "வடைக்காரி வந்துட்டாளா?" என்பேன். நீ பதிலுக்கு என் எழுத்துப் பிழைகளைச் சொல்லிக் காட்டுவாய்.

அந்த ஒழுகலைப் பற்றி நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காந்தம் பிடித்துத்தான் வைத்திருக்கிறது. ஆனால் உள்ளே சூடு, வெளியே குளிர்ச்சி என்று இருக்கிற இடத்தில் எதுவும் சும்மா இருக்காது. குட்டிக் குட்டிச் சுழல்களாகக் கிளம்பி, ஒன்று அடுத்ததிடம், அது அதற்கடுத்ததிடம் என்று சூட்டைக் கை மாற்றி மாற்றி வெளியே கடத்திவிடும்.

"சோறு கொதிக்கற மாதிரியா?"

"இல்லீங்க நங்கையா, இதுல மேல கீழயே கெடையாது."

"பாகு காய்ச்சறப்போ சுழிக்குமே?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப நம்ம சொந்தக்காரங்க வாய். அடுப்படியில ஒண்ணு பேசுனா அரை நாள்ல நாமக்கல் போய்ச் சேந்துருது. யாரு கொண்டு போனாங்கன்னு கேட்டா ஒருத்தரும் இல்ல."

"அது கொஞ்சம் கிட்ட வருது" என்றாய். பதினைந்து வருஷக் கேலியில் நீ எனக்குக் கொடுத்த ஒரே பாஸ் மார்க் அதுதான்.

பிறகு ஒரு தை மாதம். சுள்ளென்று விழுந்த வெயில், பத்து மணி இருக்கும். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட நீளக் காகிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் விரித்தாய். வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் அரிசி அளக்கிற படியும் தேங்காயும் வைத்தோம். கம்ப்யூட்டர் அச்சடித்தது என்றாய். எல்லாம் எழுத்தும் எண்ணும்தான். ஆனால் எட்ட நின்று பார்த்தால் படம் தெரிந்தது. முதல் படம் பால் குடிக்கிற பிள்ளை கிறுக்கிய மாதிரி, எங்கு பார்த்தாலும் சுழி. அடுத்ததில் சுழியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதற்கடுத்ததில் நசுங்கியிருந்தன. கடைசியில் வரி வரியாக, பட்டை பட்டையாக, சீராக.

"அம்மாபேட்டைச் சீலைக் கரையாட்டம் இருக்குது" என்றேன்.

"கரைன்னா நெசவுக்காரர் போட்டாத்தான் வருமுங்க. இந்தப் பட்டையை நான் போடலை. வெளியிலிருந்து யாரும் தள்ளலை. அந்தச் சுழலுகளே தள்ளித் தள்ளி உண்டாக்குனது. ஒரு பட்டை இப்படி ஓடுது, பக்கத்துப் பட்டை அப்படி ஓடுது. நடுவுல மாட்டற சுழலைப் பிச்சுப் போடுது. அந்தச் சுழலோட பலத்தைத் தின்னே இது வளருது. ஆனா இது சூட்டை வெளிய கடத்தாதுங்க நங்கையா, வட்டத்துலயே ஓடிட்டிருக்கும்."

உன் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு முகம் வந்து நான் பார்த்ததில்லை. காகிதத்தின் ஓரத்தில் செருப்பில்லாமல் நடந்து நடந்து சொன்னாய். கோழி ஒன்று நடுவில் ஏறிப் போயிற்று, நீ விரட்டவில்லை.

"ஒழுகறதுக்குள்ளயே ஒழுகலை அடைக்கற சாமானும் இருக்குதுன்னு சொல்றயா?"

"அப்படித்தான் கணக்குல வருதுங்க."

"உங்க ஆபீசுப் பெரியவரு என்ன சொன்னாரு?"

நீ குனிந்து ஒரு தேங்காயை நகர்த்தி வைத்தாய். "புரோகிராமுல தப்பு, திருத்துன்னாரு. வேற வேற வழியில போட்டுப் பாத்துட்டேன், அதேதான் வருது. வெளிநாட்டுலயும் ரண்டு மூணு பேருக்கு இதே மாதிரி வருதாமா. இருந்தாலும் இதை உட்டுட்டுக் காயில் வேலையைப் பாருங்கறாரு."

"நீ என்ன பண்ணப் போற?"

"காயில் வேலையையும் பாக்கறேன். இதையும் உடமாட்டேன்."

"நாளைக்கு அந்த வளையத்துக்குள்ள நெசமாலும் இந்தப் பட்டை வரலைன்னா?"

"வரலைன்னா, ஏன் வரலைன்னு தெரிஞ்சுக்குவோம்."

"அதுக்கு ஒரு ஆயுசா அம்மணி?"

"மொளகாக் காட்டுக்கு நீங்க ஒரு ஆயுசு போடலீங்களா? போன வருசம் வெலையே இல்லாம ரோட்டுல கொட்டுனீங்க. இந்த வருசம் நாத்து உட்டிருக்கறீங்க."

என் வாயை அடைத்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை, உன்னைத் தவிர.

உங்கள் வளையம் இப்போது ஓடுகிறதா, இல்லை இன்னும் முடுக்கிக்கொண்டே இருக்கிறார்களா, எனக்குத் தெரியாது. உன்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி பொங்கலுக்கு ஒரு கார்டு போட்டிருந்தாள், இங்கிலீஷில். உன் அண்ணன் படித்துச் சொன்னார். உன் கணக்கை அவள் தொடர்ந்து செய்கிறாளாம். பெரியவர் இன்னும் தலையாட்டவில்லையாம். ஆட்டாமல் போகட்டும். மேட்டுக்காட்டு மாமாவும் ஆட்டவில்லை, கான்ட்ராக்டரும் ஆட்டவில்லை. தலையாட்டுகிறவர்களை எண்ணிக்கொண்டு நீ ரயிலேறவில்லையே. பாழாய்ப் போன ஆயுசு என்று இனி யாராவது என் வாசலில் வந்து சொல்லட்டும், காப்பி கொடுக்காமல் அனுப்புகிறேன். நீ ஜெயித்துவிட்டாய் என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நீயே எழுந்து வந்து "இன்னும் தெரியாதுங்க நங்கையா" என்று திருத்துவாய்.

போன வாரம் சேலம் போய்விட்டு நாமக்கல் பஸ்ஸில் நம் புதுச்சத்திரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். புதுச்சத்திரத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பேச்சுவாக்கில் உன்னைப் பற்றி வந்தது. நாத்தனாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பிள்ளை இல்லீங்க, பட்டைதான் என்று ஆரம்பித்தேன். மல்லூர் தாண்டுவதற்குள் செங்கல் இல்லாத சூளையைக் கட்டி முடித்துவிட்டேன். ஆண்டகளூர் கேட்டில் சுழல்களைக் கிளப்பிவிட்டேன். அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் சொல்லச் சொல்லத் தன் துணிப்பையின் மேல் விரலால் பட்டை பட்டையாக இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"ஏங்க, சுழலைத் தின்னுதான் அந்தப் பட்டை வளருதுங்கறீங்க. எல்லாச் சுழலையும் தின்னு தீத்துட்டா, அதுக்கு அப்புறம் அது எதைத் தின்னு உசிரோட இருக்கும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் கேலி செய்தேனே, இதை ஒரு தடவையாவது உன்னிடம் கேட்டேனா? பட்டை பட்டினி கிடக்குமா? கிடந்து மெலிந்தால் சுழல் மறுபடி கிளம்புமா? அடுத்த லீவுக்கு நீ வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அம்மணி. விழுங்கிக்கொண்டேன்.

"அதுக்குத்தானுங்க இன்னும் கணக்குப் போட்டுட்டே இருக்கறாங்க" என்றேன். "இருக்கறாங்க"தான். இருந்தார்கள் என்று என் வாயில் வராது.

"ஏனுங்க, புதுச்சத்திரம் டிக்கட் ரண்டு பேரும் எறங்கலையா? ஊரு தாண்டி எத்தனை நேரமாச்சு!" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார். எங்களை அடுத்த ஊரான புதன்சந்தையில் இறக்கிவிட்டு, பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. உச்சி வெயில். திரும்பிப் போக எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு நின்றோம். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, பட்டினியே கெடக்குதுன்னு வெச்சுக்குவோம். அப்பறம் என்ன ஆகும்?" என்றார்.

அவருக்கும் எனக்கும் வந்த யோசனையையெல்லாம் அடுத்த பஸ் வரும் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.